மூடிக்கு மேல் இன்னொரு சுற்று

எங்கள் வீட்டில் எந்த மூடியும் ஒருவர் கையோடு நின்றதில்லை. சர்க்கரை டப்பாவை அம்மா மூடுவாள். அடுத்து அந்தப் பக்கம் போகிற மாமா அதைக் கையில் எடுத்து இன்னொரு சுற்று சுற்றி வைப்பார். பிறகு அப்பா. அப்பா மூடியதைத் திறக்க அப்பாவேதான் வரவேண்டும். சில நாள் அவராலும் முடியாது. சர்க்கரை போடாத டீயைக் குடித்துவிட்டு, "உடம்புக்கு இதுதான் நல்லது" என்று டம்ளரைக் கீழே வைப்பார்.

அப்பா வேலையில் இருந்த காலம் முழுக்கத் தண்ணீர்க் குழாய் பொருத்தியவர். கசிந்தால் இறுக்கு, கசியாவிட்டால் இனிமேலும் கசியாமல் இருக்க இறுக்கு என்பதுதான் அவருக்குத் தெரிந்த வேதாந்தம். அம்மாவின் தம்பியான மாமா ஒரு கிடங்கில் காவலாளி, எங்கள் மாடியறையில் இருப்பவர். பூட்டைப் பூட்டுவார், இழுத்துப் பார்ப்பார், தொங்கிப் பார்ப்பார், தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து மறுபடி இழுப்பார். அம்மா தையல்காரி. அவள் தைத்த பொத்தான் சட்டை கிழிந்தாலும் விழாது.

இப்படிப்பட்ட வீட்டில் நான் ஒரு எஞ்சினைப் பிரித்து மூடப் போகிறேன் என்றால், மூடுவதற்கு முன்னால் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை.

கார் பழையது. அப்பா ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் வாங்கி, அவர் ஓட்டியதைவிடத் துடைத்தது அதிகம். ஓட்டக் கற்றுக்கொண்டது நான்தான். வண்டிக்குள் பேச வேண்டியதில்லை என்பது எனக்குப் பிடித்திருந்தது. மாமா என்னை ஊமைக்கோட்டான் என்றுதான் கூப்பிடுவார். கடைக்குப் போய் ஒரு பொருளைக் கேட்பதற்குள் எனக்குத் தொண்டை அடைத்துவிடும். பக்கத்தில் நிற்பவர் தனக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்திருப்பார், நான் இன்னும் "அண்ணே" வரைக்கும்கூட வந்திருக்க மாட்டேன்.

அப்படியிருந்த எனக்கு ஒரு வேலை வந்தது. பெரிய சாலையில் சலவைக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மா, தங்கும் விடுதிகளிலிருந்து படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் எடுத்து வெளுத்துக் கொடுப்பவர். மூட்டைகளை எடுத்துவர, கொண்டுபோய்ப் போட, சொந்தக் காரோடு ஓர் ஆள் வேண்டும் என்றார். விடுதியின் பின்வாசலுக்குப் போக வேண்டும், மூட்டையை ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும், அவ்வளவுதான். யாரிடமும் ஒரு வார்த்தை பேச வேண்டாம். என்னை மனதில் வைத்து யாரோ உண்டாக்கிய வேலை மாதிரி இருந்தது. இது போனால் இன்னொன்று இப்படி வராது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

சலவைக்கடை அம்மா காரைப் பார்க்க வந்தார். குள்ளமான, கைகள் வெளுத்துச் சுருங்கிய பெண்மணி. பையிலிருந்து மடித்த தலையணை உறை ஒன்றை எடுத்துப் பின்சீட்டில் வைத்தார். "பாலம் வரைக்கும் போய்ட்டு வாம்மா" என்றார். போய்த் திரும்பி வந்தேன். அவர் உறையை எடுத்து மூக்கருகே பிடித்தார். ஒருமுறை மட்டும்தான் மோந்தார்.

"எண்ணெய் கருகுது" என்றார். "நான் துவைச்சுக் குடுக்குற துணியில இந்த வாசனை வந்தா, நாளைக்கு என்னைத்தான் துவைப்பாங்க. எங்கயோ ஒழுகுது, பாரு. திங்கக்கிழமை மறுபடி வரேன். அப்பவும் இப்படியே இருந்தா, வேன் வச்சிருக்கிற பையன் ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான், அவனுக்குத்தான் குடுக்கணும். தப்பா நினைச்சுக்காதே."

நான் தலையை ஆட்டினேன்.

அன்றே பானெட்டைத் திறந்து பார்த்தேன். எங்கள் கார் எஞ்சினுக்கு மேலே தகரத்தில் அழுத்தி எடுத்த இரண்டு மூடிகள் உண்டு, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. வால்வ் கவர் என்பார்கள். உள்ளே வால்வுகள் எண்ணெயில் குளித்துக்கொண்டே ஆடும். அந்த எண்ணெய் வெளியே வராமல் இருக்க மூடிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் தக்கையும் ரப்பரும் கலந்த ஒரு பட்டை இருக்கும். அதுதான் கேஸ்கெட். எங்கள் கேஸ்கெட் அப்பளம் மாதிரி காய்ந்து விறைத்துப் போயிருந்தது. எண்ணெய் விளிம்பு வழியாக வழிந்து, கீழே கொதிக்கிற புகைக்குழாய் மேல் சொட்டி, கருகி, புகை காருக்குள் வந்துகொண்டிருந்தது.

கைபேசியில் நான்கைந்து காணொளி பார்த்தேன். எல்லாரும் சிரித்துக்கொண்டே செய்தார்கள். அவர்களுடைய எஞ்சினுக்கு ஒரே மூடி.

என்னுடையதில் முன்மூடி பரவாயில்லை, கையெட்டும். பின்மூடி எஞ்சினுக்கும் காரின் தகட்டுச் சுவருக்கும் இடுக்கில், ஒரு மனிதக் கை போகக் கூடாது என்று திட்டம் போட்டே வைத்திருந்தது. அதற்கு மேலே காற்றுக்குழாய்ப் பெட்டி. அதைக் கழற்ற நாலு ரப்பர் குழாய்களைக் கழற்ற வேண்டும். ரப்பர் குழாய்களைக் கழற்ற அதற்கு முன்னால் ஒரு கம்பியை. கம்பியைக் கழற்றப் போனால் அதன் கொக்கி உடைந்தது. தலையால் தண்ணீர் குடித்தேன் என்பார்களே, அது எனக்கு இடுப்பால் நடந்தது. எஞ்சின் மேல் குப்புறப் படுத்து, கால் அந்தரத்தில் ஆட, கன்னத்தில் கிரீஸோடு ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினேன்.

மாமா இரவுக் காவலுக்குப் போகிறவர், பகலெல்லாம் தூங்க வேண்டியவர். நான் காரைத் தொட்ட அன்றிலிருந்து அவருக்குத் தூக்கமே போய்விட்டது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

"அது என்ன?"

"மூடி."

"அதை எதுக்குக் கழட்டுறே?"

"எண்ணெய் ஒழுகுது."

"மேல இருக்கிறதைக் கழட்டினா கீழ ஒழுகுறது எப்படி நிக்கும்?"

நான் அடுத்த போல்ட்டுக்குப் போனேன். அவர் மாடிப் பக்கம் திரும்பி, துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம், "அக்கா, உன் பொண்ணு வாயைத் திறக்க மாட்டேங்கிறா, எஞ்சினைத் திறந்து போட்டிருக்கா" என்றார்.

பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுப்பதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. பாதி கையோடு வந்தது. மீதி எஞ்சினோடு பிறந்தது மாதிரி ஒட்டிக்கொண்டது. மரச் சில்லால் சுரண்டினேன், பிளாஸ்டிக் துண்டால் சுரண்டினேன், கடைசியில் நகத்தால். சுரண்டிய துகள் உள்ளே விழாமல் இருக்கத் துணி அடைத்தேன். துணியை எடுக்கும்போது துகள் விழுந்தது. அதைக் காந்தத்தால் எடுக்கலாம் என்றார் மாமா. ரப்பர் என்றேன். "முயற்சி பண்ணாம எப்படித் தெரியும்" என்றார்.

பெட்ரோலில் நனைத்த துணியால் விளிம்பைத் துடைத்து, புதுக் கேஸ்கெட்டை வைத்து, மூலைகளில் மட்டும் சிலிக்கான் பசை ஒரு பொட்டு. மூடியைப் பொருத்தி, நடுவிலிருந்து இரண்டு பக்கமாக மாற்றி மாற்றி போல்ட்டை முடுக்கினேன். கேஸ்கெட் பொட்டலத்தில் இருந்த காகிதத்தில் மெதுவாக இறுக்கு, கேஸ்கெட் லேசாக அமுங்கினால் போதும் என்று எழுதியிருந்தது. அப்படியே செய்தேன். ஸ்பேனரை முழுக் கையால் பிடிக்கவில்லை, இரண்டு விரலால்தான் பிடித்தேன். பசை காய வேண்டும், மறுநாள் வரை வண்டியைத் தொடக் கூடாது. பானெட்டை மூடிவிட்டுப் போய்க் குளித்தேன்.

மறுநாள் மதியம் பாலம் வரை ஓட்டினேன். போகும்போது ஒன்றுமில்லை. வரும்போது அதே வாசனை. வண்டியை ஓரமாக நிறுத்தி ஸ்டீயரிங் மேல் தலையை வைத்துக்கொண்டேன். ஹாரன் அடித்தது. முன்னால் போன கிழவர் திரும்பி என்னைத் திட்டினார்.

உதிரிபாகக் கடைக்காரர் ஒல்லியான ஆள், எப்போதும் கல்லாவில் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருப்பார். முன்மூடியை மட்டும் கழற்றி எடுத்த கேஸ்கெட்டைக் கொண்டுபோய் மேஜையில் வைத்தேன். என்னால் விளக்கிச் சொல்ல முடியாதபோது பொருளைக் காட்டிவிடுவது என் வழக்கம்.

அவர் அதை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இப்பத்தானே வாங்கிட்டுப் போனே."

தலையாட்டினேன்.

"யாரு இறுக்கினது?"

"நான்தான்."

என் கையைப் பார்த்தார். பிறகு கேஸ்கெட்டைப் பார்த்தார். போல்ட் வருகிற இடமெல்லாம் அது பிதுங்கி, நடுவில் கிழிந்து, மிதித்த வாழைப்பழத் தோல் மாதிரி இருந்தது. "இந்தக் கையா? மேல லாரி ஏறியிருக்கும்மா" என்றார். "இதை இறுக்க இறுக்க நிக்காது, ஒழுகத்தான் செய்யும். போல்ட்டுக்கிட்ட தகரம் உள்ள போயிடும், ரெண்டு போல்ட்டுக்கு நடுவுல தூக்கிக்கும். அந்த இடுக்குல எண்ணெய் வரும். மூடியைத் திருப்பிப் போட்டு மரக்கட்டையில வச்சு மெதுவாத் தட்டி நிமித்து. அப்புறம் இறுக்கும்போது பூவைத் தொடுற மாதிரி தொடு. புரியுதா?"

புரியவில்லை. நான் பூவைத் தொடுகிற மாதிரிதான் தொட்டிருந்தேன்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் என் விரல்களையே சந்தேகப்பட்டேன். எனக்குத் தெரியாமல் எனக்கு இவ்வளவு பலம் வந்துவிட்டதா? வீட்டில் ஜாம் பாட்டிலைத் திறந்து பார்த்தேன். திறக்க வரவில்லை. ஆக, பலம் இல்லை.

மறுபடி எல்லாம் முதலிலிருந்து. கம்பி, ரப்பர் குழாய், காற்றுப்பெட்டி, குப்புறப் படுத்தல். இந்த முறை போல்ட் ஒன்று கை நழுவி எஞ்சினுக்குள் எங்கோ போய் உட்கார்ந்துகொண்டது. அதை எடுக்க ஒரு சாயங்காலம் போனது. அது கடைசியில் என் சட்டைக் கைமடிப்பில் இருந்தது. மாமா அதைப் பார்த்துவிட்டு ஒன்றுமே சொல்லாமல் மாடிக்குப் போனார். ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று இருந்தது.

மூடிகளைத் தட்டி நிமிர்த்தினேன். போல்ட் துளைகளைச் சுற்றித் தகரம் கன்னக்குழி மாதிரி உள்ளே போயிருந்தது. எல்லாம் தட்டையான பிறகு புதுக் கேஸ்கெட் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நகக் கண்ணில் வலி தெரியாத அளவுக்கு மட்டும் இறுக்கினேன். பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. அம்மாவின் தையல் மேஜையிலிருந்து வெள்ளைச் சாக்குக்கட்டியை எடுத்துவந்து, ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் மூடி வரைக்கும் ஒரு நேர்க்கோடு போட்டேன். எஞ்சின் அதிர்வில் போல்ட் தானாகத் திரும்புகிறதோ என்ற சந்தேகம். திரும்பினால் கோடு விலகும்.

மறுநாள் காலை வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால் பானெட்டைத் திறந்தேன்.

ஒரு கோடும் நேராக இல்லை.

இன்னும் எஞ்சினைக் கிளப்பவே இல்லை, அதிர்வு என்று எதுவும் கிடையாது. முன்மூடியில் கோடுகள் எல்லாம் ஒரே அளவு விலகியிருந்தன, யாரோ வரிசையாகப் போய்ப் பார்த்த மாதிரி. பின்மூடியில் சில கோடுகள் பாதி வட்டம் போயிருந்தன. என் கையே போகாத அந்த இடுக்கில் யாரோ ஒருவர் கை போயிருந்தது. அங்கே கேஸ்கெட் விளிம்பு வெளியே நாக்கைத் துருத்திக்கொண்டிருந்தது.

வீட்டுக்குள் போனேன். மூன்று பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மாமா வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார், காவலாளிச் சட்டையைக்கூட மாற்றவில்லை.

"போல்ட்டை யார் தொட்டது?" என்று கேட்டேன்.

நான் இப்படி ஒரு முழுக் கேள்வி கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. அதனால் யாருக்கும் முதலில் கேள்வி புரியவில்லை, கேட்டது நான் என்பதே அவர்களுக்கு வியப்பு. பிறகு மாமா டம்ளரைப் பார்த்தார். அம்மா மாமாவைப் பார்த்தாள். அப்பா கூரையைப் பார்த்தார்.

"வாங்க" என்றேன். மூவரும் டம்ளரோடு காருக்கு வந்தார்கள்.

அம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். "நான் சும்மா ஒரு இழுப்புதான் இழுத்தேன். உன் கை பலம் எனக்குத் தெரியாதா, டப்பா மூடியே உன்னால மூட முடியாது. மெஷினுக்குப் போடுற ஸ்பேனர்தான். சரியாப் பொருந்துச்சு."

"கோடு போட்டிருந்தேனே. பார்க்கலையா?"

"பார்த்தேன். அதனாலதான் தொட்டேன். சாக்குக் கோடு போட்டா கோட்டுக்கு வெளிய கொஞ்சம் தள்ளிப் பிடிக்கணும். கோட்டு மேலயே யாரு தைப்பா? தையல் பிடிக்கத் துணி விட வேண்டாமா?"

எனக்கு அழுவதா, பானெட்டைத் தலைமேல் போட்டுக்கொள்வதா என்று தெரியவில்லை.

"நீயும் தொட்டியாக்கா?" என்றார் மாமா. அவர் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. "நான் வேலைக்குக் கிளம்பும்போது பார்த்தேன், ரொம்ப லூசா இருந்துச்சு. ஒவ்வொண்ணையும் ஒரு தடவை பிடிச்சுப் பார்த்தேன். பூட்டைப் பார்க்காம போனா எனக்கு வேலையில மனசு நிக்காது."

"நான் தொட்டதுக்கு அப்புறமாடா லூசா இருந்துச்சு?" என்றாள் அம்மா. "நான் இறுக்கினது லூசா?"

"உனக்கு முன்னாடியா பின்னாடியான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"ரெண்டு பேர் தொட்டதும் லூசுதான்" என்றார் அப்பா.

எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம். அவர் டீயில் ஒரு வாய் குடித்தார்.

"விடியக்காலைல வந்து பார்த்தேன். முன்னாடி பரவாயில்ல. பின்னாடி எவனும் கையே வைக்கல. எப்பவும் பின்னாடி இருக்கிற இணைப்புலதான் கசியும், முன்னாடி எவனும் விடமாட்டான். குழாய்ல நான் பார்க்காததா? வளைஞ்ச ஸ்பேனரை எடுத்துட்டு வந்து படுத்துக்கிட்டே கைய விட்டேன். அரைச் சுத்துதான். அவ்வளவுதான்."

"அத்தான், முன்னாடி நான் தொட்டேன்" என்றார் மாமா.

"தெரியுது மாப்ளே. அதான் பரவாயில்லன்னேன்."

மாமாவுக்கு அதில் கொஞ்சம் பெருமை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதல் தடவையும் இதேதான் நடந்திருக்கிறது. நான் இரண்டு விரலால் இறுக்கிவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறேன், எனக்குப் பின்னால் ஒருவர் பின் ஒருவராக வந்து இறுக்கியிருக்கிறார்கள், ஒருவருக்கு ஒருவர் தெரியாமல், ஆளுக்கொரு ஸ்பேனரோடு. ஒழுகியதால் இறுக்கினார்கள். இறுக்கியதால் ஒழுகியது.

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சொல்ல வருகிறபோதெல்லாம் எனக்குத் தொண்டையில் ஒரு மூடி விழும். அதையும் இந்த வீட்டில் யாரோ இறுக்கியிருக்கிறார்கள். உள்ளங்கையில் கிரீஸைத் தேய்த்துக்கொண்டே நின்றேன்.

"இறுக்கினா ஒழுகும்" என்றேன். "இது குழாய் இல்ல. பூட்டு இல்ல. பட்டை நசுங்கிடும். ரெண்டு தடவை நசுக்கிட்டீங்க. திங்கக்கிழமை அந்த அம்மா வராங்க. எனக்கு அந்த வேலை வேணும்."

மாமா டம்ளரைக் கீழே வைத்தார்.

அப்பா மெதுவாக, "அதுக்குத்தானேம்மா இறுக்கினோம்" என்றார்.

கோபத்தில் இருக்கிற ஒருத்தியிடம் சொல்லவே கூடாத வார்த்தை அது. அதற்கு மேல் எதைத் திட்ட? நான் காற்றுப்பெட்டியைக் கழற்ற ஆரம்பித்தேன்.

உதிரிபாகக் கடைக்காரர் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே அலமாரிப் பக்கம் திரும்பி மூன்றாவது கேஸ்கெட்டை எடுத்துவிட்டார். கேட்க வேண்டிய வேலைகூட மிச்சம். "லாரி மறுபடியும் ஏறிடுச்சா?" என்றார். "எங்க வீட்டு லாரி" என்றேன். அவர் பல்குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். என் பேச்சுக்கு யாராவது சிரித்து நான் பார்த்ததில்லை. அதை ரசிக்கவும் நேரமில்லை.

இந்த முறை வேலை தொடங்குவதற்கு முன் வீடு முழுக்கத் தேடினேன். அந்த போல்ட்டுக்குச் சரியான ஸ்பேனர்கள் அப்பாவின் குழாய்ப் பெட்டியில், மாமாவின் தலைமாட்டில், அம்மாவின் தையல் மேஜை இழுப்பறையில் என்று கிடைத்தன. எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டேன். நடந்தால் கலகலவென்று சத்தம் கேட்டது.

"மாட்டுக்கு மணி கட்டின மாதிரி இருக்கு" என்றார் மாமா.

"கட்டிக்கிட்ட பிறகுதான் உங்களை எல்லாம் நம்ப முடியுது" என்றேன். அம்மா சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாள்.

மூவரையும் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னேன். பார்க்கலாம், பேசலாம், எழுந்திருக்கக் கூடாது. அவர்கள் அதில் இரண்டைத்தான் ஒழுங்காகச் செய்தார்கள்.

"அந்த மூலைல பசை கம்மி" என்றாள் அம்மா.

"அவ்வளவுதான் வைக்கணும்மா."

"ஓரம் அடிக்கும்போது மூலைலதான் பிரியும்."

"துணி இல்லம்மா."

"நான் ஒண்ணும் சொல்லல."

மூடியைப் பொருத்தினேன். நடுவில் ஒன்று, எதிரில் ஒன்று, இந்த ஓரம், அந்த ஓரம். கேஸ்கெட் லேசாக அமுங்கியதும் நிறுத்தினேன். அப்பாவுக்கு அதைப் பார்க்கப் பார்க்கத் தாங்கவில்லை. நான் ஒவ்வொரு போல்ட்டை விட்டு அடுத்ததுக்குப் போகும்போதும் அவர் தோள்பட்டை தானாகத் திரும்பியது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே காற்றில் அரைச் சுற்று இறுக்கிக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு போதுமா?" என்றார்.

"போதும்."

"உள்ளுக்குள்ள கொஞ்சம்கூட..."

"அப்பா."

"கேட்டேன், அவ்வளவுதான்."

இந்தத் தடவை சாக்குக் கோடு போடவில்லை. எதற்கு வம்பு? பானெட்டை மூடி அதன் மேலேயே சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். இருட்டுகிற வரை அப்படியே இருந்தேன். மாமா வேலைக்குக் கிளம்பும்போது காரைத் தாண்டிப் போனார், நின்றார், என்னைப் பார்த்தார், போனார். தெருமுனையிலிருந்து திரும்பி வந்தார். நான் பையை ஒருமுறை குலுக்கிக் காட்டினேன். போய்விட்டார்.

திங்கட்கிழமை சலவைக்கடை அம்மா சொன்னபடி வந்தார். அதே மாதிரி மடித்த தலையணை உறை, அதே பின்சீட்டு. நான் பாலம் வரை போனேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு நானே ஒருமுறை மூச்சை இழுத்துப் பார்த்தேன். பழைய சீட்டு வாசனை, என் தலையில் போன பாடில்லாத பெட்ரோல் வாசனை. கருகல் இல்லை. இல்லையா, அல்லது என் மூக்குக்குப் பழகிவிட்டதா? திரும்பி வருகிற வழியில் பாதி தூரம் இதே யோசனைதான்.

வாசலில் மூவரும் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். தூங்காத மாமா, பாதி தைத்த சட்டையோடு அம்மா, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அப்பா. சலவைக்கடை அம்மா உறையை எடுத்தார். மோந்தார். திருப்பிப் பிடித்து இன்னொரு தடவை மோந்தார். போன தடவை ஒருமுறைதான் மோந்தார் என்பது எனக்கு ஞாபகம் வந்தது.

"துணி வாசனைதான் வருது" என்றார். "சரி, மூடியைத் தூக்கு, உள்ளயும் பார்த்துடலாம்."

பானெட்டைத் தூக்கினேன். மூடிகளின் விளிம்பு சுற்றிலும் காய்ந்து கிடந்தது. அவர் குனிந்து விரலால் ஒரு இடத்தைத் தடவி, விரலைப் பார்த்தார். ஒன்றுமில்லை. திருப்தியாகத்தான் இருந்தார். பிறகு, வேறு வேலையில்லாத கை மாதிரி, அவர் கை ஒரு போல்ட்டின் தலைக்குப் போனது. இரண்டு விரலால் அதைப் பிடித்தார்.

"இது கொஞ்சம் லூசா இருக்கிற மாதிரி..."

"தொடாதீங்க" என்றார் அப்பா.

"கையை எடுத்துடுங்க" என்றார் மாமா.

"அதுல கை வைக்கக் கூடாதுங்க" என்றாள் அம்மா, ஒரு படி இறங்கி. "நசுங்கிடும்."

எல்லாம் ஒரே சமயத்தில். சலவைக்கடை அம்மா சூடு பட்டவர் மாதிரி கையை இழுத்துக்கொண்டார். மூவரையும் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"உங்க வீட்ல எல்லாருக்கும் மெக்கானிக் வேலை தெரியும் போல" என்றார்.

"தெரியாதுங்க" என்றேன். "அதனாலதான்."

அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, தலையணை உறையை மடித்துப் பைக்குள் வைத்தார். நாளைக் காலையில் கடைக்கு வந்துவிடு என்றார். வேன் வைத்திருக்கும் பையனிடம் தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். அவர் தெரு திரும்பும் வரை மூவரும் வாசலில் நின்றார்கள். பிறகு அப்பா, "பார்த்தியா, அந்த அம்மாவும் லூசுன்னுதான் சொல்றாங்க" என்றார்.

நான் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். அதை அன்றிலிருந்து கழற்றவே இல்லை. தூங்கும்போது தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறேன், குத்துகிறது, பரவாயில்லை.

முதல் நாள் வேலைக்குப் போகும்போது அம்மா தண்ணீர் பாட்டில் கொடுத்தாள். மதியம் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. விடுதிகளின் பின்வாசலில் நிறுத்தினேன், மூட்டையை ஏற்றினேன், இறக்கினேன். நினைத்த மாதிரியே இருந்தது. கார் முழுக்க வெள்ளை மூட்டைகள், சோப்பு வாசனை, கருகல் கொஞ்சமும் இல்லை. வெயில் ஏறியதும் தொண்டை வறண்டது. ஒரு விடுதியின் பின்பக்கம் நிழலில் நிறுத்தி, பாட்டிலை எடுத்தேன்.

மூடி அசையவில்லை.

துண்டைச் சுற்றித் திருகினேன். கார் கதவிடுக்கில் வைத்துத் திருகினேன். பல்லால் கடித்தேன். பையிலிருந்த ஸ்பேனர்களை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தேன், ஒன்றும் அதற்குப் பொருந்தவில்லை. காலையில் அம்மா மூடியிருப்பாள். வேலையிலிருந்து வந்த மாமா ஒருமுறை பார்த்திருப்பார். நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அப்பா.

பின்வாசலில் ஒரு காவலாளி ஸ்டூலில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். நான் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். அவர் ஒரு பக்கத்தைத் திருப்பினார். இன்னொரு பக்கத்தையும் திருப்பினார். தொண்டை ஒட்டிக்கொண்டு வந்தது. பாட்டிலோடு எழுந்து போய் அவர் முன்னால் நின்றேன். பாட்டிலை நீட்டினால் மட்டும் போதாது என்று தெரிந்தது. குடிக்கக் கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்.

"அண்ணே" என்றேன். "இதைக் கொஞ்சம் திறந்து குடுக்கிறீங்களா?"

அவர் பாட்டிலை வாங்கித் திருகினார். முகம் சிவந்தது. செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று திருகினார்.

"எவன்மா இதை மூடினது?" என்றார்.

"எங்க வீட்ல எல்லாரும்தான்" என்றேன்.